பெயர்மாற்றத்தின் முற்பகல்

விளக்குகள் எல்லாம் பச்சையாகவே எரிந்துகொண்டிருந்தன. இருந்தும் ஆவுடையப்பன் பிரம்பு நாற்காலியை இன்னும் ஒரு சாண் முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு, முக்காலியின் மேல் தொலைபேசிக்குப் பக்கத்தில் படுத்துக் கிடந்த அந்தக் கறுப்புப் பெட்டியையே நோக்கியவண்ணம் அமர்ந்திருந்தார். மோடம் என்று அதற்குப் பெயர். அதன் நெற்றியில் வரிசையாக எரிகிற விளக்குகளில் கடைசி விளக்குதான் இன்டர்நெட் என்றும், கண் அதன்மேல் மட்டும் இருந்தால் போதும் என்றும், வடிவு காலையிலேயே விரலால் தொட்டுக் காட்டிவிட்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வடிவு அவருடைய மருமகள். வடிவாம்பிகை என்பது முழுப்பெயர். அந்த முழுப்பெயர்தான் இன்று முற்பகலுக்குள், தொலைபேசி அலுவலகத்துக் கணிப்பொறியில் அவருடைய பெயரை எழுப்பிவிட்டு அந்த இடத்தில் ஏறி உட்காரப் போகிறது. ஏறி உட்காரப் போகிறது என்று நினைத்தது தவறு. அவரே நேரில் போய் நின்று, அவரே கையெழுத்திட்டுக் கேட்டு வாங்கிய மாற்றமல்லவா இது. வயரை யாரும் தொடப்போவதில்லை, எண் மாறாது, பிராட்பேண்டும் அதே இணைப்பில் தொடரும், ஆனால் கணக்கை ஒரு பெயரிலிருந்து இன்னொரு பெயருக்குத் தூக்கி வைக்கிற வேளையில் கடைசி விளக்கு அணையும், தானாகவே திரும்ப எரியும், அதுவரை பெட்டியை நிறுத்திப் போடுகிற வேலை மட்டும் வேண்டாம், நிறுத்தினால் பாதியில் நிற்கிற கணக்கு பாதியிலேயே மாட்டிக்கொள்ளும், பிறகு ஆள் வந்துதான் சரிசெய்ய வேண்டும் என்று அலுவலகத்துப் பெண் நிதானமாக எடுத்துச் சொல்லியிருந்தாள். அவ்வளவுதான் காரியம். பார்த்துக்கொண்டிருப்பது. தொடாமல் இருப்பது. வாழ்நாள் முழுவதும் எதையாவது எடுத்தும் வைத்தும் நிறுத்தும் விலைபேசியும் வந்த மனிதருக்கு, ஒன்றும் செய்யாமல் ஒரு விளக்கைப் பார்த்துக்கொண்டிருப்பது இத்தனை பாரமான வேலையாக இருக்கும் என்று யார் கண்டது. எரிகிற விளக்கைப் பார்ப்பதாகத்தான் தொடங்கினார்; எந்தக் கணத்தில் அது அணையப்போகிற விளக்கைப் பார்ப்பதாக மாறிப்போனது என்பது அவருக்கே தெரியவில்லை.

மோடத்தின் அருகே வடிவு கழற்றி வைத்த கண்ணாடி வளையல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடங்கிக் கிடந்தன. பக்கத்தில் மோதிரமும் இருந்தது. வேலைக்கு உட்காரும் முன் அவள் கையில் உள்ளதை எல்லாம் கழற்றிவிடுவாள். கைதான் பேசுகிறது, பேசுகிற இடத்தில் எதுவும் மினுங்கக் கூடாது, பார்க்கிறவர்களின் கண் அதன் பின்னால் போய்விடும் என்பது அவள் சொன்ன நியாயம். சுமங்கலிப் பெண் வெறுங்கையோடு உட்காருவதாவது என்று கோமதி, அவருடைய மனைவி, ஆரம்பத்தில் மூன்று வேளையும் முணுமுணுத்தாள். மகன் கப்பலில் நடுக்கடலில் இருக்கிறான், அந்நேரத்தில் இந்தக் காட்சியா என்று அழக்கூட அழுதாள். வடிவு எதிர்த்துப் பேசவில்லை. ஒருநாள் மாமியாரை உள்ளே கூட்டிப்போய்த் தன் பக்கத்தில் உட்காரவைத்து, கைகளை மட்டும் பாருங்கள் அத்தை என்று எதையோ சொல்லிக் காட்டினாள். என்ன காட்டினாள் என்பதைக் கோமதி இன்றுவரை சொன்னதில்லை. ஆனால் அன்றையிலிருந்து அந்த வளையல்களை மஞ்சள் துணியால் துடைத்து முக்காலியில் அடுக்குகிறவள் அவள்தான். உள்ளறை ஒரு காலத்தில் அவருடைய எலுமிச்சை அறை. புளியங்குடிச் சந்தையில் ஏலம் எடுத்த பழத்தை அங்கேதான் கொட்டி, பெருவெட்டு சிறுவெட்டு என்று பொறுக்கிப் பிரிப்பார்கள். வெள்ளையடித்து, சுவரை மறைத்து நீலத் துணி தொங்கவிட்ட பிறகும், மழை ஈரம் ஏறிய நாட்களில் சுவருக்குள்ளிருந்து ஒரு புளித்த வாசனை எழும். இன்றும் எழுந்தது. அந்த வாசனைக்குள் உட்கார்ந்துகொண்டு அவள் இப்போது, எங்கோ தொலைவில் ஒரு மருத்துவமனையில், காது கேளாத ஒரு பெண்ணுக்குப் பிரசவ அறுவை நடக்கும்போது, மருத்துவர் சொல்வதைக் காதில் வாங்கிக் கையால் சொல்லிக்கொண்டிருக்கிறாள். எந்த ஊர், என்ன பெயர், எதுவும் சொல்லமாட்டாள். அது வெளியே போகக் கூடாத பேச்சு. அவள் சொன்னது இவ்வளவுதான்: அந்த அம்மாள் இத்தனை காலமும் எதிரில் இருப்பவரின் உதட்டைப் பார்த்துப் பாதி விளங்கிக்கொண்டவள், அறுவை அறையில் எல்லோரும் முகமூடி போட்டிருப்பார்கள், ஓர் உதடுகூடத் தெரியாது, அவள் தலைமாட்டில் வைத்த திரையில் இந்தக் கைகள் மட்டும்தான் தெரியும். கைப்பேசியில் இந்த வேலை நடக்காது; மலை மறைக்கிற இந்தத் தெருவில் அதில் பேச்சே விட்டுவிட்டுத்தான் வரும், படம் எங்கே வரப்போகிறது. ஆகவே அந்தக் கைகள் இங்கிருந்து அங்கே போய்ச் சேருவது இந்த ஒற்றைக் கம்பியின் வழியாகத்தான். அந்தக் கம்பிக்கு இதோ இந்தக் கடைசி விளக்குதான் சாட்சி. பச்சை. பச்சைதான். கண்ணைக் கொட்டினால்கூட அதற்குள் அணைந்துவிடுமோ என்று தோன்றியது.

அவருக்குக் கையால் ஒரு பெயர் உண்டு. அதை நினைக்கும்போதெல்லாம் மீசைக்குள் ஒரு சிரிப்பு ஊர்ந்து போகும். வடிவின் தாயும் தகப்பனும் பிறவியிலேயே காது கேளாதவர்கள். பெண் பார்க்கப் போன அன்று ஆவுடையப்பன், எல்லாரும் செய்கிற பைத்தியக்காரத்தனத்தையே செய்து, அவர்களிடம் உரக்கக் கத்திப் பேசினார். கத்தக் கத்த அவர்கள் மரியாதையோடு சிரித்தார்கள். இடையிடையே கைப்பேசி அடித்துக்கொண்டே இருந்தது. கொச்சியிலிருந்தும் கோட்டயத்திலிருந்தும் வியாபாரிகள், அன்றைக்குப் பார்த்து விலை ஏறியிருந்தது, அவரும் ஒவ்வொரு தடவையும் எழுந்து வாசலுக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தார். காது கேளாதவர்களின் வழக்கத்தில் எழுத்துக் கூட்டிப் பெயர் சொல்லிக்கொண்டிருக்க மாட்டார்கள். ஆளைப் பார்த்து, அவருக்கே உரிய ஒன்றைப் பிடித்து, ஒரே அசைவில் பெயராக வைத்துவிடுவார்கள். வைத்தது வைத்ததுதான், மாற்றுவதில்லை. கட்டைவிரலைக் காதிலும் சுண்டுவிரலை வாயருகிலும் வைத்து, சம்பந்தியம்மாள் அன்றே அவருக்குப் பெயர் வைத்துவிட்டாள். போன். அவர் போன். வடிவுக்கு அவர்கள் வைத்திருந்த பெயர், முகவாயில் இருந்த மச்சத்தை ஆட்காட்டி விரலால் ஒருமுறை தொடுவது. அதை முதன்முதலாகப் பார்த்தபோது, ஒரு பிள்ளையை நாளுக்கு நூறு தடவை இப்படித் தன் முகத்தைத் தொட்டுத் தொட்டே கூப்பிட்டு வளர்த்தால் அந்தப் பிள்ளை எப்படி வளரும் என்று நினைத்தார். இதோ இப்படித்தான் வளரும். பேச்சு முழுதாக வராத பருவத்திலேயே தாய்க்கும் தகப்பனுக்கும் உலகத்தைக் கேட்டுச் சொன்னவள். கடைக்காரன் சொன்னதை, வீட்டுக்காரன் ஏசியதை, மருத்துவர் தகப்பனின் நெஞ்சைப் பற்றிச் சொன்னதை, அந்தச் சின்ன வயதில் அத்தனையையும் தன் கை வழியாக அவர்களிடம் கொண்டு சேர்த்தவள். ஏசியதைக்கூட அப்படியே சொல்வாயா என்று ஒருமுறை கேட்டார். அப்படியேதான் மாமா, குறைத்துச் சொல்ல நான் யாரு, என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவளை எழுந்து நின்று கும்பிடலாம். ஐம்பது வருஷம் தரகு பார்த்தவர் அவர். கேட்டதைக் கேட்டபடி மறுபுறத்தில் சொல்கிற நாக்கை அவர் சந்தையில் கண்டதில்லை, தன்னுடையதையும் சேர்த்துத்தான்.

இந்தத் தொலைபேசி வந்த நாளில் அவருக்கு எத்தனை கர்வம். விண்ணப்பித்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்து, பெயர் வந்துவிட்டதா வந்துவிட்டதா என்று அலைந்து, கடைசியில் கம்பியை வீட்டுக்குள் இழுத்தபோது தெருவே வாசலில் நின்றது. தொலைபேசிப் புத்தகத்தில், ஆவுடையப்பன், எலுமிச்சை கமிஷன், என்று அச்சில் பார்த்ததை அவர் மறக்கவில்லை. அச்சில் பார்த்த பிறகுதான் அந்தப் பெயர் தன்னுடையது என்றே முழுவதும் நம்பினார். மணி அடிக்கும், கோமதி கையைத் துடைத்துக்கொண்டு வந்து எடுப்பாள், அடுக்களையிலிருந்து யாருக்கு என்று அவருடைய தாயார் கேட்பார், உங்க மகனுக்குத்தான் என்பாள். எப்போதும் அவருக்குத்தான். வீட்டில் வேறு யாருக்காவது அது அடிக்கும் என்கிற எண்ணமே எழாத காலம். இப்போது சந்தை விலை எல்லாம் கைப்பேசிக்குப் போய்விட்டது, அவரும் தொழிலை விட்டாயிற்று, தொலைபேசி அடிப்பதே அபூர்வம். ஆனாலும் அதே கம்பி வழியாக, அதே எண்ணில், வேறொன்று ஓடிக்கொண்டிருக்கிறது. வேலையை நிரந்தரமாக்க வேண்டுமானால் இணைப்பு வேலை செய்கிறவர் பெயரிலேயே இருக்க வேண்டும் என்று வடிவு வேலை பார்க்கிற அமைப்பு கேட்டபோது, அவள் தயங்கித் தயங்கித்தான் அவரிடம் சொன்னாள். வாங்கிக்கோ என்று அவர் உடனே சொல்லிவிட்டார். அன்றிரவு தூக்கம் வரவில்லை, அது வேறு கதை. பூங்காவில் கூடிப் பேசுகிற கூட்டாளிகள் யோசனை சொன்னார்கள்: பழையதைச் சரண்டர் பண்ணிவிட்டு அவள் பெயரில் புதிதாக ஒன்று வாங்குவதே சுத்தமான வேலை என்று. அவரும் தலையாட்டிவிட்டு வந்து வீட்டில் சொன்னார். வடிவுதான் தடுத்தாள். பழையது போய்ப் புதியது வருவதற்குள் எத்தனை வாரம் ஆகுமோ, அதுவரை கூப்பிடுகிறவர்களுக்கு நான் எங்கே போவேன் மாமா, என்றாள். ஆகவே பெயர் மட்டும் மாறட்டும், மற்ற எதுவும் நிற்கக் கூடாது என்று எழுதிக் கொடுக்கப் போனார்கள். போனது ஆடி மாதம். ஆடியில் ஒரு பொருளைக் கைமாற்றுவதா என்று அவருக்கு நெஞ்சு ஒப்பவில்லை. ஆவணி பிறந்து முதல் முகூர்த்த நாளில் மாற்றித் தாருங்கள் என்று அலுவலகத்துப் பெண்ணிடம் வேண்டிக் கேட்டு, நாள் குறித்துக்கொண்டு வந்தார். அதே ஆடி முடியட்டும், அதே முதல் முகூர்த்தத்தில் பிள்ளை பிறக்கட்டும் என்று எங்கோ ஒரு வீட்டிலும் பஞ்சாங்கத்தைப் புரட்டி நாள் குறித்திருந்தார்கள் என்பது அவருக்கு எப்படித் தெரியும். நேற்றுத்தான் அந்தப் பிரசவத்துக்காக வடிவுக்கு அழைப்பு வந்தது. பெயர்மாற்றத்தைத் தள்ளிப்போட முடியுமா என்று தொலைபேசி அலுவலகத்தில் கேட்டபோது, ஆவணிக்காகக் காத்திருந்தவர்கள் ஏராளம், வரிசை ஏறிவிட்டது, இனி இழுக்க முடியாது என்றார்கள். நல்ல நாள் பார்த்தது அவர்தான். நல்ல நாளுக்குள் கொண்டுபோய் இரண்டு உயிரை மாட்டிவைத்ததும் அவர்தான். வடிவு ஒரு சொல் குறை சொல்லவில்லை. நீங்க விளக்கைப் பாத்துக்கிடுங்க மாமா, மத்ததை நான் பாத்துக்கிடுதேன், என்று மட்டும் சொன்னாள்.

அடுக்களையிலிருந்து கோமதி வந்து கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். அடுப்பில் பால் பொங்குதான்னு பாருங்கன்னு எத்தனை நாள் சொல்லியிருக்கேன், என்றாள், ஒருநாளாவது இப்பிடி உட்காந்து பாத்திருக்கியளா. அவர் திரும்பவில்லை. திரும்பினால் கண் நகர்ந்துவிடும். உள்ளறையிலிருந்து ஓசை ஒன்றும் வரவில்லை. அந்த அறைக்குள் இந்நேரம் எத்தனை பேச்சு நடக்கிறது, ஓசையில்லாமல். அவருக்குத் திடீரென்று ஒன்று தோன்றியது. இரண்டு உள்ளங்கையாலும் காதுகளை இறுகப் பொத்திக்கொண்டார். மின்விசிறி நின்றுபோனதுபோல் ஆயிற்று. தெருவில் போன தண்ணீர் லாரி நிழலாகப் போனது. தம் இரத்தம் தமக்குள்ளே ஓடுகிற இரைச்சல் மட்டும் எங்கோ ஆழத்தில் கேட்டது. இப்படித்தான் கிடக்கிறாள் அந்தப் பெண். வயிற்றில் கத்தி படுவது வலியாகத் தெரியாது, அசைவாகத் தெரியும் என்பார்கள். யாரோ இழுக்கிறார்கள், யாரோ அமுக்குகிறார்கள், ஏன் என்று கேட்க வாய் தெரியவில்லை, வாய்களுக்கெல்லாம் பச்சைத் துணி. கண்கள் மட்டும் குனிந்து குனிந்து பார்க்கின்றன. குழந்தை அழுததா என்று கேட்க அவளுக்குக் காது இல்லை. அழுதது என்று சொல்ல ஒரு கை வேண்டும். அவர் கோமதியை ஏறிட்டுப் பார்த்தார். கோமதியின் வாய் அசைந்துகொண்டிருந்தது. அவள் எதையோ சொல்கிறாள், மறுபடியும் சொல்கிறாள், புருவம் உயர்கிறது, கை நீள்கிறது, முக்காலியைச் சுட்டுகிறது. நாற்பத்தைந்து வருஷமாகத் தெரிந்த முகம், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவரால் வாசிக்க முடியவில்லை. கையை எடுத்தார். விளக்கு, என்று கோமதி சொல்லிக்கொண்டிருந்தாள், விளக்கு போயிட்டுங்க.

கடைசி விளக்கு அணைந்து கிடந்தது. மற்றவை ஒன்றும் அறியாதவைபோல் எரிந்தன. காத்திருந்தது இதற்காகத்தான், இது வரும் என்று சொல்லியிருந்தார்கள், வந்தால் போகும் என்றும் சொல்லியிருந்தார்கள், எல்லாம் தெரியும். தெரிந்தும் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். ஆவுடையப்பன் என்கிற பெயர் எடுபட்டாயிற்று, வடிவாம்பிகை இன்னும் வந்து சேரவில்லை. இந்த நொடியில் இந்தக் கம்பி யாருடையதும் அல்ல. யாருடையதும் அல்லாத கம்பியின் மறுமுனையில் ஒருத்தி வயிறு திறந்து கிடக்கிறாள். கோமதி அதற்குள் சுவர்ப்பக்கம் நகர்ந்துவிட்டாள். அந்த வீட்டில் எது நின்றாலும் ஒரே வைத்தியந்தான். தொலைக்காட்சி நின்றால், கிணற்று மோட்டார் முரண்டு பிடித்தால், அணைத்து ஒன்று இரண்டு எண்ணிவிட்டுத் திரும்பப் போடுவது. மோடத்துக்கும் எத்தனையோ நாள் அதே வைத்தியத்தை அவரே செய்திருக்கிறார். அவளுடைய விரல் சுவிட்சின்மேல் போய் அமர்ந்தது.

“தொடாத, கோமதி.”

“அணைச்சிப் போட்டா வந்துரும்லா. எப்பவும் வரும்லா.”

“இன்னைக்கு வராது. கையை எடு.”

தன் குரல் இத்தனை தாழ்ந்து, இத்தனை மெதுவாக வந்ததை அவரே ஒரு வேற்றாள் குரலைப்போலக் கேட்டார். கோமதி கையை எடுத்தாள். எடுத்த கையை என்ன செய்வதென்று தெரியாமல் முந்தானையில் சுற்றிக்கொண்டாள். அவருடைய கைகள் முழங்கால்களை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தன. அவையும் அந்தச் சுவிட்சுக்குப் போகத்தான் துடித்தன, அவற்றுக்கு வேறு எதுவும் தெரியாது. ஒருவேளை அலுவலகத்துப் பெண் தவறாகச் சொல்லியிருந்தால். ஒருவேளை தாமே தவறாக விளங்கிக்கொண்டிருந்தால். ஆடியிலேயே முடித்திருந்தால். பெயரில் என்ன இருக்கிறது, பழைய பெயரே கிடந்துவிட்டுப் போகட்டும், எரி, எரிந்துவிடு, என்று நினைத்தார். உடனே, இல்லை, அவள் பெயரிலேயே எரி என்று திருத்திக்கொண்டார். சாத்திய கதவுக்குப் பின்னால் நாற்காலி நகரவில்லை, காலடி கேட்கவில்லை, மாமா என்று ஒரு கூப்பாடு இல்லை. அவள் எழுந்திருக்கவில்லை. படம் நின்றுபோயிருக்கும், தெரிந்திருக்கும், இருந்தும் எழுந்திருக்கவில்லை. அந்த அமைதிதான் அவரையும் நாற்காலியோடு பிடித்து வைத்தது. அவள் தன் இடத்தில் இருக்கிறாள். நாமும் நம் இடத்தில் இருப்போம். ஒரு சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இரண்டு பேர் ஒரே விளக்குக்காக அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். சுவரிலிருந்து எலுமிச்சை வாசனை வந்தது. வளையல்களின்மேல் வெயில் வந்து விழுந்தது. பிறகு, யாரும் ஒன்றும் செய்யாமலே, கடைசி விளக்கு ஒருமுறை சிவப்பாக நடுங்கிப் பச்சையாயிற்று. கோமதி சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சை விட்டாள். அவர் விடவில்லை. மறுபடியும் அணையுமோ என்று பார்த்தார். அது எரிந்தது. அதே பச்சை, அதே இடம். யார் பெயரில் எரிகிறோம் என்பதைப் பற்றி அதற்கு ஒரு கவலையும் இருந்ததாகத் தெரியவில்லை.

வடிவு கதவைத் திறந்து வெளியே வந்தபோது, கைகளைத் தோளிலிருந்து தொங்கவிட்டுக்கொண்டு, பாரம் இறக்கியவள்போல் வந்தாள். நெற்றியில் வேர்வை. இவ்வளவு நேரமும் கையில் இருந்த பேச்சு நாக்குக்கு இன்னும் திரும்பவில்லை போலும். அவரைப் பார்த்துக் கட்டைவிரலைக் காதிலும் சுண்டுவிரலை வாயருகிலும் வைத்தாள். அவருடைய பெயர். பிறகு உள்ளங்கையை நெஞ்சில் வைத்துத் தாழ்த்தி நன்றி சொன்னாள். அலுவலகத்துக் கணிப்பொறியில் எடுபட்டுப்போன பெயர் அவள் கையில் அப்படியே இருப்பதை ஆவுடையப்பன் பார்த்தார். பிள்ளை பெறந்தாச்சா, ஆணா பெண்ணா, என்று கோமதி ஆவலை அடக்கமாட்டாமல் கேட்டாள். நல்லா இருக்காங்க அத்தை. மத்ததை அந்த வீட்டுக்காரங்கதான் சொல்லணும், என்றாள் வடிவு. இணைப்பு நின்றதே, அப்போது என்ன செய்தாய் என்று அவர் கேட்டார். அவள் முக்காலியின் அருகே தரையிலேயே உட்கார்ந்து, கைவிரல்களை ஒவ்வொன்றாக நீவிவிட்டுக்கொண்டே சொன்னாள்.

“படம் நின்னா நான் போயிட்டேன்னு நினைக்காதீங்க, வயர்தான் நிக்கும், நான் இங்கதான் இருப்பேன்னு ஆரம்பத்திலேயே அவங்ககிட்ட சொல்லி வச்சிருந்தேன் மாமா. படம் தடுமாற ஆரம்பிச்சதும் சொல்லிக்கிட்டிருந்ததை விட்டுட்டு, ‘இருக்கேன்’னு கையை வச்சேன். வச்ச கையை எடுக்கலை. அங்க படம் நின்னா அந்த அசைவுலயே நிக்கட்டும்னு.”

திரும்ப வந்தபோது அந்த அம்மாளும் தன் ஒரு கையைத் தூக்கி, அதே அசைவை அப்படியே பிடித்து வைத்திருந்தாளாம். இரண்டு ஊர்களுக்கு நடுவே கம்பி செத்துக் கிடந்த நேரம் முழுவதும் இரண்டு பெண்கள் ஒரே சொல்லை ஏந்திக்கொண்டிருந்திருக்கிறார்கள். அவர் ஐம்பது வருஷம் பேசிய பேச்சு அத்தனையையும் தராசின் ஒரு தட்டில் கொட்டி, மறுதட்டில் அந்த ஒரு சொல்லை வைத்துப் பார்த்தார். பிறகு பார்ப்பதை விட்டுவிட்டார். தரகனின் புத்தி, எதையும் நிறுக்காமல் விடாது. கோமதி காப்பி போட உள்ளே போனாள்.

தொலைபேசி மணி அடித்தது அப்போதுதான். பழக்கத்தில் அவர் கை முந்திக்கொண்டு எடுத்தது. பழக்கத்தில் ஆவுடையப்பன் என்று சொல்ல வாயும் திறந்தது. மறுமுனையில் தொலைபேசி அலுவலகத்துப் பெண்குரல், சந்தாதாரர் வடிவாம்பிகை அவர்களின் எண்தானே, பெயர்மாற்றம் முடிந்துவிட்டது, உறுதி செய்துகொள்ள அவர்களிடம் பேசலாமா என்று கேட்டது. “அவுக எண்தான். நான் அவுக மாமனார் பேசுதேன்,” என்றார். “இப்பத்தான் வேலை முடிச்சு எந்திச்சு வந்திருக்காவ. ஒரு நிமிஷம் லைன்லயே இருங்க.” வடிவு அவசரமாக எழுந்து கையை நீட்டினாள். அவர் தரவில்லை. முக்காலியில் கிடந்த வளையல்களைக் கண்ணால் காட்டி, நிதானமாகப் போட்டுக்கொள் என்பதுபோல் உள்ளங்கையைத் தாழ்த்தினார். அவள் சிரித்துக்கொண்டே ஒவ்வொன்றாக ஏற்றத் தொடங்கினாள். யாருக்குங்க போன், என்று அடுக்களையிலிருந்து கோமதி தலையை நீட்டிக் கேட்டாள். ரிசீவரில் அலுவலகம் காத்திருந்தது. வாயைத் திறக்க முடியாது. ஆவுடையப்பன் அதைக் காதோடு அணைத்துப் பிடித்தபடி, மறுகையின் ஆட்காட்டி விரலால், மச்சம் ஏதும் இல்லாத தம் முகவாயை ஒருமுறை தொட்டுக் காட்டினார். கோமதி விளங்கிக்கொண்டு அடுப்பின் பக்கம் திரும்பினாள்.